பழைய தெருவில் புதிய கடைக்கட்டடம்: கொழும்பில் வரையத் தொடங்குபவர்களுக்கு

புறக்கோட்டையில் ஒரு வியாபாரிக்கு ஆறேழு பேர்ச் காணி இருக்கிறது. அதில் தாத்தா காலத்து ஓட்டுக் கடை. அதை இடித்து நாலு மாடி எழுப்ப வேண்டும், "ஆனால் பழைய ஊருக்குப் பொருந்துகிற மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலையை உங்களிடம் தந்துவிடுகிறார். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் பலரும் அப்போது செய்வது ஒன்றுதான். கொங்கிரீட் பெட்டி ஒன்றை வரைந்து, அதன் முகத்தில் இரண்டு வளைவும் நாலு உருண்டைத் தூணும் ஒட்டுவார்கள். கல்யாண மண்டபம் மாதிரி ஏதோ ஒன்று வந்து நிற்கும்.

பொருத்தம் வேறு இடங்களில் இருக்கிறது. கடையின் அகலம், கீழ்த்தளத்தின் நிழல், மழைக்கு ஒதுங்க இடம், மாடிகளின் மட்டக்கோடு, பெயர்ப்பலகை வைக்கும் பட்டி, இவற்றைச் சரியாகப் பிடித்தால் ஒரு வளைவுகூட இல்லாமல் கட்டடம் தெருவோடு சேர்ந்துவிடும். இவை பிழைத்தால் எத்தனை வளைவு வைத்தும் பயனில்லை. என்ன வரிசையில் வேலை செய்யலாம் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பழைய கொழும்பு" என்று ஒரே பாணி கிடையாது. கோட்டைப் பகுதியில் இன்று நாம் பார்க்கும் பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்தவை. யோர்க் வீதியில் செங்கல் நிறத்தில் நிற்கும் கார்கில்ஸ் கட்டடம் 1906இல் முடிந்தது. அகலமான முகப்பு, உயர்ந்த மாடிகள், கீழே நடைபாதைக்கு மேல் கூரை தரும் தூண் வரிசை என்பவைதான் அங்கே இலக்கணம். அதே கோட்டைக்குள் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை 17ஆம் நூற்றாண்டின் கட்டடம். தாழ்வான ஓட்டுக்கூரை, அரை மீற்றர் தடிப்புச் சுவர்கள், இரண்டு முற்றங்களைச் சுற்றிக் கட்டப்பட்ட ஐந்து கட்டுகள். இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் ஒன்றுக்குப் பக்கத்தில் சரியாக வருவது மற்றதற்குப் பக்கத்தில் சரிவராது.

புறக்கோட்டை வேறு உலகம். ஒல்லாந்தர் போட்ட நேர்கோட்டுத் தெருக்கள், முதலாம் குறுக்குத் தெரு தொடங்கி ஐந்தாம் குறுக்குத் தெரு வரை. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வியாபாரம் உண்டு, அந்த வியாபாரம்தான் கட்டடத்தின் உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது. நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, சீனி மூட்டைகள் இறங்குகின்றன, எனவே அகலமான வாசலும் உள்ளே கிடங்கும் வேண்டும். இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடைகளுக்குக் காட்சி முகப்பு வேண்டும். செட்டியார் தெருவில் நகைக்கடைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, நடுவே கதிரேசன் கோயில்கள்.

செட்டியார் தெருவில் வரைபவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ஆடிவேல் விழாவுக்கு இந்தத் தெருக் கோயில்களிலிருந்துதான் வேல் தேர் பம்பலப்பிட்டிப் பக்கம் புறப்படும். உங்கள் பல்கனி, மழைத்தட்டு, வெளியே நீட்டும் பெயர்ப்பலகை, கேபிள் எதுவும் தேரின் உச்சியில் தட்டக் கூடாது. தேரின் உயரத்தைக் கோயிலில் கேட்டு, அதைப் படத்தில் கோடாகவே போட்டுவிடுங்கள். எந்த ஒழுங்குவிதிப் புத்தகத்திலும் இது இருக்காது.

வரிசையை அளந்து வரையுங்கள்

உங்கள் காணிக்கு இடப்பக்கம் ஐந்து கடை, வலப்பக்கம் ஐந்து கடை, எதிர்வரிசையும் அப்படியே. இவ்வளவையும் ஒரே நீளத் தாளில் முகப்புப் படமாக வரையுங்கள். போட்டோவை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கை அளந்தால்தான் கண் பார்க்கும்.

குறிக்க வேண்டியவை: ஒவ்வொரு கடையின் முகப்பு அகலம், வீதியிலிருந்து வாசற்படி எவ்வளவு உயரம், முதல் மாடித் தளத்தின் மட்டம், யன்னல்களின் அகலமும் உயரமும், சுவருக்கும் திறப்புக்கும் உள்ள விகிதம், உச்சியில் பரப்பெட் சுவரா (கூரை விளிம்பில் மேலே எழும் கட்டைச் சுவர்) அல்லது ஓடு வெளியே இறங்குகிறதா என்பது. இதை வரைந்து முடித்ததும் சில கோடுகள் தாமாகவே தெரியும். பெயர்ப்பலகைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஓடும். மேல்மாடி யன்னல்கள் படுக்கையாக இல்லாமல் நெட்டாக நிற்கும். உங்கள் கட்டடம் மதிக்க வேண்டியது அந்தக் கோடுகளைத்தான்.

அளக்கப் போவதற்கு நல்ல நேரம் போயா தினக் காலை. பெரும்பாலான ஷட்டர்கள் மூடியிருக்கும், வீதியில் நின்று நாடா பிடிக்கலாம். ஆனால் அது போதாது. வேலை நாளில் நண்பகல் ஒருமுறை போய் நில்லுங்கள். லொறி எங்கே நிற்கிறது, நாட்டாமிகள் மூட்டையைத் தோளில் வைத்து எந்த வாசலால் திரும்புகிறார்கள், கைவண்டி எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். தலையில் சுமையோடு வருபவருக்கு வாசல் உயரம் எவ்வளவு வேண்டும் என்பதை அவரிடமே கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்புறம், நல்ல மழையில் ஒருமுறை. இதைத் தவறவிடாதீர்கள். எந்தக் கடை வாசலில் ஆட்கள் ஒதுங்குகிறார்கள், எந்தப் பீலியிலிருந்து தண்ணீர் நேரே தலையில் கொட்டுகிறது, வடிகால் நிரம்பி வெள்ளம் எந்தப் படி வரை ஏறுகிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

கடதாசி வேலை

இது சுவையான பகுதி இல்லை, ஆனால் வடிவமைப்பையே மாற்றக்கூடியது. உறுதியும் நில அளவைப் படமும் கையில் வந்ததும் மாநகர சபையில் வீதிக் கோடு (வீதிக்கென ஒதுக்கிய எல்லை), கட்டடக் கோடு (அதைத் தாண்டி முன்னுக்குக் கட்டக் கூடாத எல்லை) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். புறக்கோட்டைக் காணி சிலவற்றில் எதிர்கால வீதி அகலிப்புக்காக முன்பக்கத்தில் ஒரு துண்டு போய்விடும். பழைய கடை வீதியை ஒட்டி நிற்கும், நீங்கள் இடித்துக் கட்டினால் பின்னுக்குத் தள்ளித்தான் கட்ட முடியும். அப்படியானால் நேரான வரிசையில் ஒரு பல் விழுந்த இடம் உருவாகும். சில சமயம் இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் கட்டுவது நல்லது என்று முடிவெடுக்க நேரும்.

அடுத்தது நகர அபிவிருத்தி அதிகார சபை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. முழுப் படத்தையும் வரைந்து முடித்துக்கொண்டு போகாமல், பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேட்கும் கட்டத்திலேயே நீங்கள் வரைந்த அந்த நீளத் தாளையும் எடுத்துப் போங்கள். எத்தனை மாடி, எவ்வளவு இடம் விட வேண்டும், வாகனத் தரிப்பிடம் எத்தனை என்பதை அப்போதே பேசிவிடலாம். தனிக் கட்டடத்தின் படத்தைக் காட்டினால் பேச்சு சதுர அடியில் போய் நிற்கும். முழு வரிசையைக் காட்டினால் தெருவைப் பற்றிப் பேச வழி பிறக்கும்.

தொல்பொருள் திணைக்களத்தை மறக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னமாகக் கணக்கெடுக்கிறது. கொழும்பில் ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தது, ஆகவே அவர்கள் கட்டியவை இந்தக் கோட்டுக்குள் வந்துவிடும். ஆங்கிலேயர் காலக் கட்டடங்களில் பெரும்பாலானவை வராது. அவற்றைப் பாதுகாக்க வேண்டுமென்றால் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். உங்கள் காணியில் ஒன்றுமில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம், பக்கத்துக் காணியில் என்ன இருக்கிறது என்றும் விசாரியுங்கள். வுல்ஃபெண்டால் தேவாலயம், பிரின்ஸ் வீதி ஒல்லாந்தர் அருங்காட்சியகம் போன்றவற்றின் அருகே வரைபவர்கள் முதல் கடிதத்தையே திணைக்களத்துக்கு எழுதுவது நல்லது.

இன்னொன்று வாடகைக்காரர். பழைய கடைகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இருக்கிறதா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்காமல் இடிக்கும் திகதியைச் சொல்லாதீர்கள். வடிவமைப்பாளருக்கு இதில் என்ன என்று தோன்றலாம். அவர் கீழ்த்தளத்தில் தொடர்ந்து இருக்கப் போகிறார் என்றால், கட்டடத்தைக் கட்டங்கட்டமாக எழுப்ப வேண்டியிருக்கும். தூண்களின் இடமே மாறும்.

உயரம்

கோட்டையின் மணிக்கூண்டு 1857இல் எழுந்தது, பிறகு அதன் உச்சியிலேயே கலங்கரை விளக்கும் வைத்தார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்துவிட, 1952இல் விளக்கைக் கடலோரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உயரம் பற்றிய சண்டை கொழும்புக்குப் புதிதில்லை. இன்றைக்கு ஒல்லாந்தர் மருத்துவமனையின் ஓட்டுக்கூரைக்குப் பின்னால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவ்வளவு தூரம் போய்விட்டால் பொருத்தம் பற்றிய பேச்சே எழாது, இரண்டும் தனித்தனி உலகங்கள். ஆனால் மூன்று மாடி வரிசையில் ஆறு மாடி வரும்போதுதான் தெரு கெட்டுப்போகிறது. நம்மைப் போன்றவர்களிடம் வருவதும் அந்த அளவு வேலைதான்.

உரிமையாளருக்கு மாடி வேண்டும், தெருவுக்கு மட்டம் வேண்டும். முன்பக்கத்தை வரிசையின் உயரத்தில் நிறுத்தி, மேல்மாடிகளைப் பின்னுக்குத் தள்ளுவது பழகிய வழி. எவ்வளவு தள்ளுவது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், கண்மதிப்பில் விடாதீர்கள்.

ஓர் உதாரணம். தெருவின் அகலம் 6 மீற்றர். வரிசையின் பரப்பெட் உயரம் 9 மீற்றர். எதிர்ச்சுவரோடு ஒட்டி நிற்பவரின் கண் மட்டம் 1.5 மீற்றர். அவர் பார்வைக் கோடு 6 மீற்றர் தூரத்தில் 7.5 மீற்றர் ஏறுகிறது, அதாவது மீற்றருக்கு 1.25. அடுத்த மாடியின் உச்சி 12.5 மீற்றர் என்றால் கண்ணுக்கு மேல் 11 மீற்றர். 11ஐ 1.25ஆல் வகுத்தால் 8.8. அதில் தெருவின் 6 மீற்றரைக் கழித்தால் 2.8. ஆக அந்த மாடியை 2.8 மீற்றர் பின்னுக்குத் தள்ளினால் எதிரே நிற்பவருக்கு அது தெரியாது. அதற்கும் மேலே இன்னொரு 3.5 மீற்றர் மாடி வேண்டுமென்றால் 5.6 மீற்றர் தள்ள வேண்டும். 20 மீற்றர் நீளக் காணியில் இது தாங்கக்கூடிய இழப்பு. தள்ளிய இடம் மொட்டைமாடியாகும், தண்ணீர்த் தாங்கிக்கோ ஏசி வெளிப்பெட்டிகளுக்கோ உதவும்.

ஒடுங்கிய தெருவில் ஆட்கள் எதிரே நின்று பார்ப்பதைவிடத் தெருமுனையிலிருந்து சாய்வாகப் பார்ப்பதுதான் அதிகம். அங்கிருந்து உங்கள் கட்டடத்தின் பக்கச் சுவர் தெரியும். பக்கத்துக் கடையின் கூரைக்கு மேலே பூசாத செங்கல்லும் துருப்பிடித்த கம்பியும் தெரியும்படி விட்டுவிடுவது நம் ஊரின் பெரிய வியாதி. பக்கச் சுவரையும் முகப்பாகவே எண்ணி வரையுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கமென்றால் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் எங்கிருந்தெல்லாம் தெரிகிறது என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். 1909இல் முடிந்த அந்தச் சிவப்பு வெள்ளைப் பள்ளியை ஒரு காலத்தில் கப்பலில் வந்தவர்கள் துறைமுகத்துக்கு அடையாளமாகக் கொண்டார்கள் என்று சொல்வார்கள். அதன் கோபுரத்தை மறைத்துத் தண்ணீர்த் தாங்கி வைப்பது நியாயமில்லை.

அகலத்தை உடையுங்கள்

இப்போது பலர் இரண்டு மூன்று பழைய காணிகளைச் சேர்த்து வாங்குகிறார்கள். ஐந்து ஆறு மீற்றருக்கு ஒரு கடை என்று ஓடிக்கொண்டிருந்த தெருவில் திடீரென 18 மீற்றர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி வந்துவிடுகிறது. உயரத்தைவிட இதுதான் அதிகம் உறுத்தும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் யாரும் உயரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

தீர்வு எளிது. தூண் வரிசையைப் பழைய காணி எல்லைகளின் மேலேயே போடுங்கள். உள்ளே தளம் ஒன்றாக இருக்கட்டும், வெளியே மூன்று கடையின் தாளம் தெரியட்டும். மழைநீர்க் குழாயை அந்த எல்லைகளில் இறக்கலாம், சுவரில் ஓர் ஒடுங்கிய பள்ளம் விட்டு நிழல் விழச் செய்யலாம். மூன்று துண்டுக்கும் மூன்று நிறம் அடித்து மூன்று கடை மாதிரி நாடகம் போட வேண்டியதில்லை.

கீழ்த்தளத்துக்கு அதிக நேரம் கொடுங்கள்

வாங்கும் கட்டணத்துக்கு வேலை செய்யும் நேரத்தில் பாதியை இதற்கே செலவழித்தாலும் தகும். தெருவில் போகிற நூறு பேரில் ஒருவர்கூட மூன்றாம் மாடியை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கொழும்பில் வெயிலும் மழையும் இரண்டும் பலமானவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. கார்கில்ஸ் கட்டடத்தின் கூரையுள்ள நடைபாதை இன்றைக்கும் பயன்படுவது அதனால்தான். இடமிருந்தால் உங்கள் கடையின் கீழ்த்தள முகத்தை இரண்டு முதல் இரண்டரை மீற்றர் உள்ளே இழுத்து, மேல்மாடியை வெளியே நிறுத்துங்கள். "அவ்வளவு இடத்தை வீணாக்குவதா?" என்று உரிமையாளர் கேட்பார். மழை நேரத்தில் ஆட்கள் எந்தக் கடை வாசலில் கூடுகிறார்கள் என்று காட்டுங்கள். ஒதுங்க வந்தவர் ஒரு குடையாவது வாங்காமல் போவதில்லை. காணி அதற்கு இடம் தராவிட்டால் ஒரு மீற்றருக்குக் குறையாத மழைத்தட்டு போடுங்கள், அதன் தண்ணீரைக் குழாயில் இறக்குங்கள், விளிம்பிலிருந்து சொட்ட விடாதீர்கள்.

தளத்தின் மட்டத்தை வெள்ளம் பார்த்த நாளில் குறித்த அளவுக்கு மேலே வையுங்கள். ஆனால் மூன்று படி ஏற்றினால் கைவண்டி ஏறாது, சக்கர நாற்காலியும் ஏறாது. சாய்தளத்தை நடைபாதையின் மீது நீட்டாமல், உள்ளே இழுத்த இடத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

ஷட்டர் சுருளும் பெட்டியை உத்தரத்துக்குப் பின்னால் மறைக்க 40, 50 சென்ரிமீற்றர் ஆழம் முதலிலேயே ஒதுக்குங்கள். பிறகு யோசித்தால் அது முகப்பில் தகரப் பெட்டியாக வந்து தொங்கும். ஷட்டருக்கு உள்ளே காற்றுப்போக ஓட்டை வேலைப்பாடுள்ள பலகைப் பட்டி ஒன்று பழைய கடைகளில் வாசலுக்கு மேலே இருக்கும். அதன் வேலையை இன்றைக்கு ஓர் அலுமினிய வலை செய்யும். மரத்தில் செய்தால்தான் பழமை என்றில்லை.

காற்று, கண்ணாடி, சுவர்

மேற்கு பார்த்த முகப்பில் முழுக் கண்ணாடி வைத்தால் பின்னேரம் ஏசி திணறும், மின்கட்டணம் வாடகையைத் தின்னும். நெட்டான யன்னல்கள், ஆழமான சுவர் மடிப்பு, மேலே நிழல்தட்டு என்பவை தெருவுக்கும் பொருந்தும், பணத்தையும் மிச்சம் பிடிக்கும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் கொழும்பில் வரைந்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம் உயர்ந்த அலுவலகக் கட்டடமாயிருந்தும் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியது. 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது திறக்க முடியாத கண்ணாடிக்குள் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், யன்னலின் அருமையைச் சொல்வார்கள்.

கண்ணாடி வைக்கும் இடங்களில், உடைந்தாலும் சிதறாத, நடுவே படலம் வைத்த வகையையே எழுதுங்கள். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் பறந்த கண்ணாடியால் கண்ணை இழந்தவர்கள் இந்த நகரில் இருக்கிறார்கள்.

பக்கத்துச் சுவர் கபுக் கல்லும் (செம்புரைக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்டதாக இருக்கலாம். அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் சுவர். அதன்மேல் தடித்த சீமெந்துப் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, சில மழைக்காலத்தில் பூச்சும் கல்லும் சேர்ந்தே உதிரும். புதிய சுவருக்கும் பழைய சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டு, அதன் மேல் தண்ணீர் இறங்காதபடி தகடு மூடுங்கள். அத்திவாரத்துக்கு அடித்து இறக்கும் தூண்களை இங்கே நினைத்தும் பார்க்காதீர்கள், துளையிட்டு வார்க்கும் முறைதான். தோண்டுவதற்கு முன் அயல் கடைகளின் வெடிப்புகளையெல்லாம் திகதியோடு படம் எடுத்து, அவர்களிடமே ஒரு பிரதியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வேலை தொடங்கிய பிறகு எல்லா வெடிப்பும் உங்களுடையதுதான்.

கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று கம்பியைத் தேடி வரும். வெளிப்புறக் கொங்கிரீட்டில் கம்பிக்கு மேலான மறைப்பைப் பொறியியலாளர் சொன்ன அளவிலிருந்து ஒரு மில்லிமீற்றர்கூடக் குறைய விடாதீர்கள். மேசனிடம் நின்று பாருங்கள்.

பழைய முகப்பை வைத்துக்கொள்வதா?

நல்ல நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் மருத்துவமனை 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டு இன்றுவரை ஆட்களை இழுக்கிறது, பழைய கட்டடம் வியாபாரத்துக்கு ஆகாது என்பவர்களுக்கு அதைக் காட்டலாம். ஆனால் முகத்தை மட்டும் முகமூடிபோல நிறுத்திப் பின்னால் மாடிகளை அடுக்கினால் யன்னலும் தளமும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். குறைந்தது முன் அறையின் ஆழத்தையாவது, அதன் கூரையோடும் தள உயரத்தோடும் சேர்த்துக் காப்பாற்றுங்கள். புதிய பகுதி அதற்குப் பின்னால், ஒரு சிறு முற்றம் விட்டுத் தொடங்கட்டும். நீளக் காணிகளுக்கு அந்த முற்றம் வெளிச்சமும் காற்றும் தரும், தீ பிடித்தால் ஆட்கள் வெளியேற இன்னொரு வழியும் தரும். புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில் தீயணைப்பு வண்டி திரும்பச் சிரமப்படும் என்பதால் தீயணைப்புப் பிரிவின் ஆலோசனையைப் படம் முடிந்த பிறகு கேட்காமல், மாடிப்படியின் இடத்தைத் தீர்மானிக்கும் முன்பே கேளுங்கள்.

பெயர்ப்பலகையும் வாடகை ஒப்பந்தமும்

எவ்வளவு நன்றாக வரைந்தாலும் திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் வாடகைக்கு வந்தவர் மூன்று மாடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து எல்லாவற்றையும் மூடிவிடுவார். இதைத் தடுக்க ஒரே வழி, பெயர்ப்பலகைக்கு நீங்களே நல்ல இடம் கொடுப்பது. கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே, வரிசையின் மற்றப் பலகைகளின் மட்டத்தில், ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் பட்டி ஒன்றை விடுங்கள். மூன்று மொழியும் ஒரே பட்டிக்குள் வசதியாக வர வேண்டும். தமிழ்ப் பெயர்கள் நீளமாக ஓடும், கடைசியில் அதைத்தான் சிறிதாக்கி மூலையில் தள்ளுவார்கள், ஆகவே மூன்றும் சம உயரத்தில் எழுதிய ஒரு மாதிரியைப் படத்திலேயே சேர்த்துவிடுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழட்டும், மின்னும் பலகை வேண்டாம்.

பிறகு உரிமையாளரிடம் சொல்லி, பலகையின் அளவு, ஏசி வெளிப்பெட்டி வைக்கும் இடம், முகப்பின் நிறம் ஆகிய மூன்றையும் வாடகை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகவே சட்டத்தரணியைக் கொண்டு எழுத வையுங்கள். அனுமதித்த படத்தின்படியே கட்டியிருக்கிறது என்று மாநகர சபை தரும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது எடுக்கும் முகப்புப் போட்டோவின் ஒரு பிரதியை அந்த ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால், பின்னால் என்ன மாறியது என்று யாரும் வாதாட வேண்டியிருக்காது.